ஹசீனாவின் ஏழரை மணி மீட்டிங்

வில்லியனூர் கடைத்தெருவில் மாலிக் பாயின் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஆபீஸ் நடக்கிறது என்று சொன்னால் அந்தத் தெருக்காரர்களே நம்பமாட்டார்கள். போர்டு கிடையாது, மேஜை நாற்காலி கிடையாது. ஒரு கட்டில், முதுகுக்கு ரெண்டு தலையணை, மடியில் லேப்டாப், காதில் ஹெட்செட். அதோடு ஹசீனா. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் மூன்று கொம்யூன் பஞ்சாயத்திலும் எந்த ஊர் வயலுக்கு எந்த நாள் அறுவடை மிஷின் இறங்கணும் என்று முடிவு பண்ணுவது அந்தக் கட்டில்தான். சிரிக்காதீங்க, நெசந்தான்.

ஹசீனாவுக்கு வயசு நாற்பத்து மூணு. படிப்பு பிளஸ் டூ. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடையில் புருஷனுக்குக் கூடமாட இருந்து, ஊர் ஜனத்துக்கெல்லாம் ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுதிக் கொடுத்தே கம்ப்யூட்டர் பழகியவள். மூணு வருஷத்துக்கு முன்னால், அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிற விழுப்புரத்துக் கம்பெனி ஒன்று, 'வீட்டிலிருந்தே புக்கிங் எடுக்க ஆட்கள் தேவை' என்று நோட்டீஸை ஜெராக்ஸ் போடக் கொண்டுவந்தது. நூறு காப்பி எடுத்துக் கொடுத்தாள் ஹசீனா. நூற்றியோராவது காப்பியைத் தனக்கென்று எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். மாலிக் பாய் கேட்டதற்கு, பேப்பர் சரியா வருதான்னு பார்த்தேன் என்றாளாம். சரியான ஆளுதான்.

இப்போது அவளுக்குக் கீழே மூன்று பேர். குருவிநத்தத்தில் செல்வகுமாரி. விவசாய வீட்டுப் பெண், நாலு பசுமாடு வைத்திருக்கிறாள், நெல்லை ஒரு பார்வை பார்த்தால் இன்னும் எத்தனை நாளில் அறுக்கலாம் என்று சொல்லிவிடுவாள். நெட்டப்பாக்கத்தில் மணவாளன். பிரைவேட் பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டராக இருந்தவர், விபத்தில் கால் போன பிறகு வீட்டோடு கிடந்தவர். விவசாயிகளிடம் போனில் பேசிச் சமாளிப்பது அவர் வேலை. பாகூரில் அஃப்ரின். பி.காம் முடித்த சின்னப் பெண், கம்பெனியின் புக்கிங் ஷீட்டு அவள் கையில். இந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததே கிடையாது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம்தான், ஆனால் யாருக்கு ஒழிகிறது? முகமெல்லாம் போனில்தான் பழக்கம். செல்வகுமாரி எவ்வளவு உயரம் என்று இன்றைக்கும் ஹசீனாவுக்குத் தெரியாது.

ஆரம்பத்தில் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. குரூப்பைத் திறந்தால் ரோஜாப்பூ, அதற்குள் காலை வணக்கம். மணவாளன் ஒருத்தரே தினம் ஏழு ரோஜா அனுப்புவார். அந்த ரோஜாத் தோட்டத்துக்குள் புதைந்து கிடக்கிற புக்கிங்கைத் தேடி எடுப்பதற்குள் வயலே அறுத்து முடிந்துவிடும். மீட்டிங் வைத்தால் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், நடுவில் மாடு ஒரு குரல் கொடுக்கும், கீழேயிருந்து மாலிக் பாய் பேப்பர் கட்டு எங்கே என்று கத்துவார். ஹசீனாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் உட்கார்ந்து சட்டம் போட்டாள். பூவுக்குத் தனி குரூப்பு, வேலைக்குத் தனி குரூப்பு. தினம் காலை ஏழரைக்குப் பத்து நிமிஷம் மீட்டிங், ஒருத்தர் பேசினால் மற்றவர் மைக்கை அணைக்கணும். எந்த புக்கிங் வந்தாலும் விவசாயி சொன்ன வாய்ஸ் மெசேஜையே அதோடு சேர்த்து வைக்கணும், நாமே ஒன்றைப் புரிந்துகொண்டு எழுதக் கூடாது. டிரைவர் லாரியை எடுத்ததும் இருக்கிற இடத்தைப் போனில் காட்டிக்கொண்டே வரணும்.

ஏழரை என்று நேரம் வைத்தால் விளங்குமாம்மா என்று மணவாளன் கேட்டுப் பார்த்தார். சனியன் நம்ம கூடவே இருந்தா வெளியிலேருந்து வேற வராது அண்ணே என்று சொல்லிவிட்டாள்.

போன சம்பா அறுப்பில் ஒரு வயலுக்குக்கூட மிஷின் தவறிப் போகவில்லை. அப்படியும் விழுப்புரத்து மேனேஜர் அரங்கநாதனுக்கு மனசு ஆறவில்லை. கெட்ட மனுஷன் இல்லை. எட்டுப் பேரை எதிரிலேயே உட்காரவைத்து வேலை வாங்கிப் பழகியவர். கண்ணெதிரில் இல்லாத ஆட்கள் ஒருத்தரோடு ஒருத்தர் எப்படிப் பேசி வேலையை முடிப்பார்கள் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் கூப்பிட்டு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: இந்த அறுப்பில் ஒரே ஒரு குளறுபடி வந்தாலும் வீட்டு வேலை கிடையாது, நாலு பேரும் தினம் விழுப்புரம் ஆபீசுக்கு வந்துவிடணும்.

விழுப்புரத்துக்கு யார் போவது? ரெண்டு வேளை பால் கறக்கிற செல்வகுமாரி போவாளா? அஃப்ரின் வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்புவார்களா? மணவாளனால் பஸ் படியே ஏற முடியாது. இருபது வருஷம் ஊரையே படியேற்றி விட்ட மனுஷனுக்கு வந்த கதியைப் பாருங்கள். ஹசீனாவுக்குத் தன் வேலைமேல் ஆசைதான், அவள் பேருக்கு வந்த முதல் வேலை அதுதானே. ஆனால் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது மணவாளன் விஷயம்தான். வேலைக்கு வந்த புதிதில் அவர் பெண்டாட்டி போன் பண்ணி, ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் அவர் வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிறார் என்று சொல்லி அழுதாள். அந்தக் குரலை ஹசீனா மறக்கவில்லை. ஆகையால் இந்த அறுப்பில் ஒரு பிசகும் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிசகு அவள் கையாலேயே வந்தது.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. குருவிநத்தத்துக் கலியம்மாள் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். ஆற்றோரமாக அவளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து முப்பது ஏக்கர். இன்றைக்குத்தான் மடையை அடைத்திருக்கிறோம், தண்ணி வடிய நாள் ஆகும், ஆறாம் நாள் மிஷின் வந்துவிடணும், அதற்கு மறுநாள் மழை என்று டிவியில் சொல்கிறான். இவ்வளவுதான் செய்தி. பயிர் வைக்கிற வீட்டில் ஆறாம் நாள் என்றால் இன்றைக்கு ஒன்று என்று தொடங்கி எண்ணுவார்கள். சனி ஒன்று, ஞாயிறு ரெண்டு என்று போனால் ஆறாம் நாள் வியாழக்கிழமை. ஹசீனா கடைக்கார வீட்டுப் பெண். நாளையிலிருந்து எண்ணினாள், வெள்ளிக்கிழமை என்று ஷீட்டில் ஏற்றிவிட்டாள். மழை நாளுக்கு மிஷினை அனுப்பி வைத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு. பிரியாணி செய்து சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை விடிந்து ஆறரைக்கு டிரைவர் ராஜ்மோகன் கூப்பிட்டான். ஆத்தூர்க்காரன், ரெண்டு லாரியில் ரெண்டு மிஷினோடு வந்திருந்தான்.

"அக்கா, குருவிநத்தம் வந்துட்டோம். வயல்ல முட்டிக்கால் தண்ணி நிக்குது. இது டயர் மிஷின், எறக்குனா இங்கியே குடித்தனம் பண்ண வேண்டியதுதான். இன்னா செய்யட்டும்?"

ஹசீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருவிநத்தமா, இன்றைக்கா? திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ரெண்டு மிஷினும் நெட்டப்பாக்கத்தில் அல்லவா நிற்கணும்? ஷீட்டைத் திறந்தாள். குருவிநத்தம், திங்கட்கிழமை என்று பளிச்சென்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் அதேதான் இருந்தது. அதற்குள் நெட்டப்பாக்கத்திலிருந்து சிங்காரவேலு மணவாளனைப் பிடித்துக்கொண்டார். மூட்டை தூக்க ஆள் வந்தாச்சு, டிராக்டர் வந்தாச்சு, மிஷின் எங்கே என்று அவர் கேட்ட கேள்வியில் போன் சூடாகிவிட்டது என்று மணவாளன் பிறகு சொன்னார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று ஹசீனா ஒரு நிமிஷம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு நிமிஷம்தான். அப்புறம் ஏழரை வரைக்கும் காத்திருக்காமல் மீட்டிங்கைத் திறந்து மூன்று பேரையும் இழுத்தாள். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், இதைத் தேருக்குப் பேர்போன வில்லியனூர்க்காரிக்குச் சொல்லித் தரணுமா? யாரால் ஆச்சு, எப்படி ஆச்சு என்று இப்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முதலில் மிஷின் நெட்டப்பாக்கம் போகணும் என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க அரங்கநாதன் அங்கே இருந்திருக்கணும். செல்வகுமாரி கறந்த பாலை அப்படியே வைத்துவிட்டு ஆற்றோரம் ஓடினாள். வீடியோவைப் போட்டு வயலைக் காட்டினாள், ஒரு கதிரைப் பறித்து நெல்லைக் கடித்தும் காட்டினாள். நெல்லுக்குள்ள பால் இன்னும் முழுசா இறுகலை அக்கா, வியாழனுக்கு முன்ன தொட முடியாது என்றாள். அஃப்ரின் தன் திரையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்து, ஒவ்வொரு ஊரையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி நகர்த்தினாள். ஹசீனா சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். லாரி ரெண்டும் கிளம்பின. போன் மேப்பில் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்த மணவாளன் திடீரென்று, டேய் நிறுத்துடா என்றார். வழி தெரியாத ராஜ்மோகன் கடலூர் பக்கம் திரும்பிவிட்டிருந்தான். அப்புறம் மணவாளன் பழையபடி கண்டக்டர் ஆகிவிட்டார். அரசமரம் வரும் இடது கை, பால் சொசைட்டி வரும் நேரே போ, பள்ளிக்கூடத்தாண்ட ஸ்பீடு பிரேக்கர், மெதுவா என்று நெட்டப்பாக்கம் வரைக்கும் ஸ்டாப் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். ரைட் ரைட் என்று விசில் மட்டும்தான் ஊதவில்லை. எட்டே காலுக்கு முதல் மிஷின் சிங்காரவேலு வயலில் இறங்கியது. மனுஷன் போனிலேயே சிரித்துவிட்டார், டிபன் சாப்பிட்டாச்சா என்று மணவாளனைக் கேட்டாராம்.

எல்லாம் சரி. ஆனால் வெறும் வண்டி ஊர் சுற்றிய விஷயம் விழுப்புரத்துக்குத் தெரியாமல் இருக்குமா? பதினொரு மணிக்கு அரங்கநாதன் மீட்டிங்கில் வந்தார். முகம் இறுகியிருந்தது. நான் அப்பவே சொன்னேனே, ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்தால் ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தையே இருக்காது என்று ஆரம்பித்தார். யார் செய்தது என்று கேட்டார்.

காலையில் அவசரத்தில் ஓரமாகத் தள்ளி வைத்ததை ஹசீனா அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள். கலியம்மாள் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் எண்ணிக்கை தப்பு என்று விளங்கிவிட்டது. வெள்ளியை அவள் போட்டது உண்மை. அது எப்படித் திங்களாக மாறியது என்றுதான் புரியவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்குத் தெரியாது. மைக்கைத் திறந்தாள்.

"சார், தப்பு என்னுது. வியாழக்கெழமைன்னு போட வேண்டியத வெள்ளின்னு போட்டேன். அத மூணு நாளா ஒருத்தரும் பார்க்கலை, நானும் பார்க்கலை. ஆபீசுக்கு வரணும்னா நான் வர்றேன். இவுங்க மூணு பேரையும் வூட்லியே வுட்டுடுங்க."

திரையில் மூன்று சிவப்பு மைக்கும் அப்படியே இருந்தன. அப்புறம் ஒன்று பச்சையானது.

செல்வகுமாரிதான். பார்க்கலைன்னு சொல்லாதீங்க அக்கா, சனிக்கிழமை மத்தியானமே நான் பார்த்துட்டேன் என்றாள். குரூப்பில் போட்டால் நாலு பேர் எதிரில் அக்கா தப்பைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று, யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் முன்னால் தள்ளச் சொல்லி ஷீட்டில் திருத்தம் போட்டுவிட்டாளாம்.

அடுத்த மைக் பச்சையானது. மணவாளன் தொண்டையைச் செருமினார். அவரும் பார்த்திருக்கிறார். மூணு மணிக்கு அவரும் ஒரு நாள் முன்னால் தள்ளியிருக்கிறார். பெரிய மனுஷியை எப்படிம்மா கேள்வி கேட்கிறது என்றார். அஃப்ரின் அழுதேவிட்டாள். அவள் தள்ளியது நாலு மணிக்கு.

ஹசீனாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்த ஷீட்டில் திருத்தம் போட்டால் உடனே மாறாது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாத் திருத்தமும் சேர்ந்து ஒன்றாக மாறும், யார் போட்டது என்றும் காட்டாது. அதனால் ஒவ்வொருத்தர் பார்க்கும்போதும் வெள்ளி வெள்ளியாகவே இருந்திருக்கிறது. ஒவ்வொருத்தரும் அக்கா மானத்தைத் தான் ஒருத்தர்தான் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, ஓசைப்படாமல் ஒரு நாள் தள்ளியிருக்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. இவர்கள் மரியாதையில் தீயை வைக்க. கோபம் வரவேண்டிய இடத்தில் ஹசீனாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது. இத்தனை பிரியத்தை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதற்குள் அரங்கநாதன் கத்தியிருக்கணும். கத்தவில்லை. ஹசீனா விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளி அவள் போட்டது. செல்வகுமாரி தள்ளினதில் வியாழன். மணவாளன் தள்ளினதில் புதன். அஃப்ரின் தள்ளினதில் செவ்வாய். இன்னொரு தடவை மடக்கினாள், செவ்வாய்தான் வந்தது.

"சார், கணக்குப்படி மிஷின் நாளைக்கித்தானே வரணும். இன்னிக்கே எப்டி வந்துது? இன்னும் ஒரு நாளைத் தள்ளுனது யாரு?"

அரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாந்தாம்மா. அஞ்சு மணிக்குப் பார்த்தேன். நீங்க நல்லா வேலை செய்யறவங்க, ஒரு தேதிக்காக உங்கள உங்க ஆளுங்க எதிர்ல கேக்க வேணாம்னு தோணிச்சி. நானே மாத்திட்டேன்."

சரி, அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஹசீனாவுக்கு வாய் நிற்கவில்லை. ரொம்ப மரியாதையாக, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"பேசாம மாத்துன நாங்க ஆபீசுக்கு வரணும்னா, ஆபீஸ்ல உக்காந்தே பேசாம மாத்துன நீங்க எங்க சார் போகணும்?"

மணவாளன் அடக்கப் பார்த்து முடியாமல் பெரிசாகச் சிரித்தார். அஃப்ரின் அழுகையிலேயே சிரித்தாள். அரங்கநாதனும் கடைசியில் சிரித்துவிட்டார், வேறு வழி? எங்கே போவது, உங்கள் ஏழரை மணிக்குத்தான் வரணும் என்றார். விழுப்புரம் பேச்சு அதோடு போனது. வியாழக்கிழமை குருவிநத்தத்தில் முப்பது ஏக்கரும் அறுத்துக் களத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மழை கொட்டியது.

ஹசீனா இன்னொரு சட்டம் போட்டாள். ஏழரைக்கு வந்ததும் முதல் பேச்சு, நேற்று கண்ணில் பட்ட தப்பு. யார் தப்பாக இருந்தாலும் பேர் சொல்லி எல்லோர் எதிரிலும் சொல்லணும், ஷீட்டில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். சட்டம் போட்டால் ஆச்சா? மூன்று நாள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் சரியா இருக்குது அக்கா, எல்லாம் சரியா இருக்குது என்றே போனது. முதல் நாள் அவளே தன் தப்பு ரெண்டைத் தேடிப் பிடித்துச் சொன்னாள், அப்போதும் பாவம் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது தேறாது என்றே அவளுக்குத் தோன்றிவிட்டது.

நாலாம் நாள் காலை. அரங்கநாதனும் மீட்டிங்கில் இருந்தார். வழக்கம்போல எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மணவாளனின் மைக் பச்சையானது, சிவப்பானது, திரும்பவும் பச்சையானது.

"ஹசீனாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஏம்பலம் புக்கிங்ல நீங்க எட்டு ஏக்கர்னு போட்டிருக்கீங்க. அந்த ஆளு சொன்னது அஞ்சு."

நாலு பேர் எதிரில், மேனேஜர் எதிரில், ஒருத்தர் தன்னைத் தப்பு என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த மூன்று கொம்யூனிலும் வேறு யாரும் இருக்கமாட்டாள். நெஞ்சில் கிடந்த கல் அப்படியே இறங்கியது. இப்படித் தப்பு அன்றன்றைக்கே வாய்விட்டு வெளியில் வந்துவிட்டால், இனிமேல் மணவாளன் வீட்டை விட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை. ஹசீனா அஞ்சு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லித் திருத்திவிட்டு, அடுத்தது யாரு என்றாள்.